ஒருதரம்... இரண்டுதரம்...

தென்னந்தோப்புக் குத்தகை ஏலம் கேட்டிருக்கிறோம். ஏரி மீன் ஏலம் பார்த்திருக்கிறோம். வட்டிக்கடையிலே மூழ்கிப்போன தோடும் மூக்குத்தியும் தண்டோராப் போட்டு ஏலத்துக்கு வரும் நாளிலே, அவற்றுக்கு உரியவள் கூட்டத்தின் கடைசியிலே முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு நிற்பதையும் கண்டிருக்கிறோம். ஆக, தோழர்களே, ஏலம் நமக்குப் புதிதல்ல!

இலண்டனிலும் நியூயார்க்கிலும் ஹாங்காங்கிலும் நடைபெறுகிறதே, அந்த ஏலத்தின் அலங்காரமே வேறு. கத்திக் கூவுவோர் இல்லை. கண்ணாடிப் பேழை, கனிவான பேச்சு, கண் சிமிட்டினால் கோடி! மேடையிலே வைக்கப்படுவது மீனும் அல்ல, தேங்காயும் அல்ல. காவிரிக் கரையிலே எவனோ ஒரு தமிழ்த் தச்சன், மெழுகிலே உருப்பிடித்து, மண்ணிலே பொதிந்து, மெழுகை உருக்கி வடித்து, அந்த வெற்றிடத்திலே செம்புக் குழம்பை ஊற்றி, ஆறவைத்து, உளிகொண்டு கண் திறந்தானே, அந்தத் திருமேனி! ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம்! சுத்தியல் விழுகிறது. உரியவள் அந்தக் கூட்டத்தின் கடைசி வரிசையிலும் இல்லை. அவளுக்கு அப்படியோர் ஏலம் நடப்பதே தெரியாது.

பெரிய செப்புத் திருமேனிகள் மட்டுந்தானா? பட்டியலைப் புரட்டிப் பாருங்கள். குழந்தையின் கழுத்திலே கட்டிய ஐம்படைத்தாலி, வெள்ளித் தாயத்துக் குழல், பாவை விளக்கு, தேர்த்தட்டிலிருந்து பெயர்த்தெடுத்த மரச்சிற்பம், தஞ்சாவூர் ஓவியம், செட்டிநாட்டு நிலைக்கதவு. கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவன் நான். அந்தப் பட்டியலின் ஆங்கிலத்தை அகராதியைப் பக்கத்திலே வைத்துக்கொண்டுதான் படித்தேன். உயரம் இத்தனை அங்குலம் என்று இருக்கிறது. சோழர் காலம் என்று இருக்கிறது. தென்னிந்தியா என்றும் இருக்கிறது. ஊர்ப் பெயர் இருக்கிறதா என்று தேடினேன். பல பொருள்களுக்கு இல்லை! "தனியார் ஒருவரின் சேகரிப்பிலிருந்து" என்று ஒரே ஒரு வரி. அந்தத் தனியார்க்கு யார் கொடுத்தார்? அவருக்கு முன் எவர் கையில் இருந்தது? அகராதியிலே விடை இல்லை.

சென்ற திங்கள் ஆரணியிலே தோழர்களோடு பேசிக்கொண்டிருந்தபோது இதைச் சொன்னேன். தறிக்குழியிலே கால் வைத்தபடியே ஒரு பெரியவர் கேட்டார்: "ஜரிகை விலை ஏறிப்போச்சு, கூலி ஏறலை. இதுல சிலை போனா என்ன, இருந்தா என்னய்யா?" நியாயமான கேள்வி. பக்கத்திலிருந்த இளைஞன் இன்னும் கூர்மையாகக் கேட்டான்: "கடவுளே இல்லைன்னு மேடையில பேசுறவரு, கடவுள் சிலைக்கு ஏன் கவலைப்படணும்?"

இளைஞனுக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். கடவுள் உண்டா, இல்லையா என்ற வழக்கை இங்கே நான் விசாரிக்கவில்லை. அந்த வழக்கிலே எத்தீர்ப்பு வந்தாலும், அந்தச் செம்பை வார்த்த கை தமிழனுடைய கைதான். தூக்கிய திருவடியின் வளைவை அளந்த கண் தமிழனுடைய கண்தான். வணங்குகிறவனுக்கு அது தெய்வம். வணங்காதவனுக்கு அது பாட்டன் விட்டுச்சென்ற சொத்து. ஆரணிக்குப் பக்கத்திலே பூண்டியிலும், போளூரை அடுத்த திருமலையிலும் அருகர் கோயில்கள் இருக்கின்றன. அங்கே வணங்குவோர் சிலரே. சிலரே என்பதற்காக அந்தச் சொத்தைச் சூறைவிட்டுவிடலாமா?

பெரியவருக்கு விடை சொல்ல அவருடைய தறியே போதும். பாவு ஓட்டி, பண்ணையிலே இழை கோத்து, கோர்வை போட்டு, பல நாள் உட்கார்ந்து நெய்த சேலை வீட்டைவிட்டு வெளியேறும்போது வெறும் சேலையாகப் போவதில்லை. கூட்டுறவுச் சங்கத்திலே எடை போடுகிறார்கள், பேரேட்டிலே பதிகிறார்கள், சீட்டுக் கட்டுகிறார்கள். ஆரணிப் பட்டு என்ற பெயருக்கே புவிசார் குறியீடு இருக்கிறது. வேறோர் ஊர்க்காரன் அந்தப் பெயரைச் சொல்லி விற்றால் வழக்குப் போடலாம். இன்று நெய்து நாளை கிழியப்போகும் சேலைக்கு இத்தனை சீட்டு! ஆயிரம் ஆண்டு கிழியாத செம்புக்கு? எத்தனையோ சிற்றூர்க் கோயில்களிலே ஒரு துண்டுச் சீட்டும் கிடையாது. கள்ளனுக்கு அதுதான் வேண்டும். பூட்டை உடைப்பது அவனுக்குச் சிறு வேலை. பூட்டுக்குப் பின்னால் இன்னது இருந்தது என்று எவராலும் மெய்ப்பிக்க முடியாத நிலைதான் அவனுடைய மூலதனம்.

கும்பகோணத்தை அடுத்த சுந்தரப்பெருமாள்கோயில் என்ற ஊரின் கதையைக் கேளுங்கள். அங்கே சௌந்தரராசப் பெருமாள் கோயிலிலே திருமங்கையாழ்வார்க்கு ஒரு செப்புத் திருமேனி இருந்தது. 16ஆம் நூற்றாண்டுப் படைப்பு. ஒரு மீட்டர் உயரம். அது 1967ஆம் ஆண்டு இலண்டன் சோத்பி ஏலத்துக்கு வந்தது. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் பணம் கொடுத்து எடுத்துச் சென்றது. அரை நூற்றாண்டுக் காலம் அங்கே நின்றார் ஆழ்வார். எவரும் கேட்கவில்லை. கேட்க என்ன சான்று?

சான்று இருந்தது, தோழர்களே, புதுச்சேரியிலே! 1955இல் தோன்றிய பிரெஞ்சு நிறுவனம் ஊர் ஊராக ஆள் அனுப்பிக் கோயில்களைப் படம் பிடித்தது. கலை ஆராய்ச்சிக்காகத்தான் பிடித்தார்கள். கள்ளனைப் பிடிக்க அல்ல. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் அங்கே உள்ளன. அவற்றுள் ஒன்றிலே, 1957ஆம் ஆண்டு எடுத்ததிலே, அதே ஆழ்வார் அந்தக் கோயிலுக்குள்ளேயே நிற்கிறார். 1957இல் கோயிலிலே, 1967இல் ஏலத்திலே! ஆராய்ச்சியாளர் ஒருவர் இரண்டையும் ஒப்பிட்டுக் காட்ட, 2019இல் அருங்காட்சியகமே இந்தியத் தூதரகத்துக்குச் செய்தி சொல்லியது. 2024 மார்ச்சில் பல்கலைக்கழக ஆட்சிக்குழு, திருப்பித் தரலாம் என்று இசைந்தது. ஒரு கறுப்பு வெள்ளைப் படம்! அதன் விலை அன்று என்ன இருந்திருக்கும்?

இன்னொன்று, அரியலூர் மாவட்டத்துச் சிறீபுரந்தான். அங்கேயும் ஒரு பிரகதீசுவரர் கோயில். நெடுநாள் பூசையின்றிப் பூட்டிக் கிடந்தது. 2006ஆம் ஆண்டு கள்ளர்கள் புகுந்தார்கள். கோயிலுக்குள் சிலைகள் இல்லை என்பது 2008இல்தான் ஊருக்குத் தெரிந்தது. சிலைகளைப் பாதுகாப்பு மையத்துக்கு எடுத்துப்போக அதிகாரிகள் முனைந்தபோது, "எங்கள் சாமியைத் தரமாட்டோம்" என்று ஊரார் தடுத்தார்கள். அவர்கள் அன்பிலே பொய்யில்லை. ஆனால் அவர்கள் காத்துநின்றது காலிக் கோயிலை! அதே 2008ஆம் ஆண்டில் அங்கிருந்து போன நடராசரை ஆஸ்திரேலிய நாட்டுத் தேசியக் கலைக்கூடம் ஐம்பது லட்சம் டாலருக்கு வாங்கியிருந்தது. விற்றவர் நியூயார்க் நகரத்துக் கலைப்பொருள் வணிகர் சுபாஷ் கபூர். அவர் காட்டிய சான்றுத் தாளிலே என்ன எழுதியிருந்தது தெரியுமா? சூடான் நாட்டு அரசதந்திரி ஒருவர் டெல்லியில் இருந்தபோது வாங்கியதாம், அவர் மனைவி விற்றதாம்! நான் நாடகத்திலே இப்படியொரு காட்சி எழுதினால், "கொஞ்சம் நம்பும்படியாக எழுதக்கூடாதா?" என்று கொட்டகைக்காரரே கேட்பார். கலைக்கூடம் நம்பியது.

அந்தப் பொய்த்தாளையும் முறியடித்தது புதுச்சேரிப் படந்தான். இந்தியப் பெருமைத் திட்டம் என்ற பெயரிலே ஒன்றுகூடிய தன்னார்வத் தொண்டர்கள், வீட்டிலே கணிப்பொறி முன் அமர்ந்து பட்டியலையும் படத்தையும் ஒப்பிட்டார்கள். 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் தம் கையாலேயே நடராசரைத் திருப்பிக் கொடுத்தார். விருத்தாசலத்து அர்த்தநாரீசுவரரும் உடன் வந்தார். கபூர் 2011இல் பிராங்பர்ட்டிலே பிடிபட்டு, 2012இல் இங்கே கொண்டுவரப்பட்டு, உடையார்பாளையம் சிலைத் திருட்டு வழக்கிலே 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றத்திலே பத்தாண்டுத் தண்டனை பெற்றார். அவர்வழிக் கடத்தப்பட்டவை என்று நியூயார்க் அரசு வழக்குரைஞர் அலுவலகம் கைப்பற்றியவை 2,500 பொருள்களுக்கு மேல். மதிப்பு 14 கோடி டாலரைத் தாண்டியது. சிலைகள் எப்படிக் கடல் தாண்டின? பெட்டியின் மேல் "கைவினைப் பொருள்" என்று எழுதினார்கள். சுவாமிமலையிலே இன்றும் வார்க்கிறார்களே புதிய சிலைகள், அவற்றோடு பழையதையும் படுக்கவைத்து அனுப்பினார்கள். உழைத்துப் பிழைக்கும் தச்சனுடைய நற்பெயரே கள்ளனுக்குக் கடவுச்சீட்டு ஆயிற்று.

படமே இல்லாத ஊர் என்ன செய்யும்? பத்தூர் செய்தது. 1976இல் இடிந்த கோயிலருகே குடியிருந்த கூலித் தொழிலாளி ஒருவர் மண்ணைத் தோண்டும்போது நடராசர் கிடைத்தார். அற்பத் தொகைக்குக் கைமாறினார். கை மேல் கை மாறி, 1982இல் இலண்டனிலே ஒரு கனடா நாட்டு நிறுவனம் அவரை இரண்டரை லட்சம் பவுனுக்கு வாங்கியது. பழுதுபார்க்கக் கொடுத்த இடத்திலே காவல்துறை கைப்பற்றியது. "என் பொருளைக் கொடு" என்று நிறுவனம் வழக்குத் தொடுத்தது. இலண்டன் நீதிமன்றத்தின் முன் எதிர்வாதம் செய்ய யார் வந்தார்கள் என்கிறீர்கள்? இடிந்த கோயிலின் சிவலிங்கமே வழக்காளியாக நின்றது! இந்தியச் சட்டப்படி கோயில் மூர்த்தி ஒரு சட்ட மாந்தர். அதை வெள்ளைக்கார நீதிபதி ஏற்றார். நாத்திகனான எனக்கும் அந்தக் காட்சியிலே ஓர் இன்பம் இருக்கிறது, மறைக்கமாட்டேன்.

சாட்சி சொல்ல வந்தவை மண்ணும் கரையானும்! நடராசர்மேல் ஒட்டியிருந்த மண்ணும், அதே இடத்திலே கிடைத்த மற்றச் சிலைகளின்மேல் இருந்த மண்ணும் ஒன்றா? கரையான் பூசிய தடம் ஒன்றா? மண்ணியல் அறிஞர் வந்தார், பூச்சியியல் அறிஞர் வந்தார், உலோகவியல் அறிஞர் வந்தார். 1988இல் கீழே வெற்றி; 1991 பிப்ரவரியிலே மேல்முறையீட்டிலும் வெற்றி; அவ்வாண்டே நடராசர் வீடு திரும்பினார். பதினைந்து ஆண்டு! புதையுண்டு கிடந்ததற்குப் படம் இல்லாதது எவர் குற்றமும் அன்று. நாள்தோறும் விளக்கேற்றும் இடத்திலே இருப்பதற்கும் கரையானையா சாட்சிக்கு அழைப்பது?

சேகரிப்போர் சொல்லும் சமாதானம் ஒன்றுண்டு. "நாங்கள் வாங்கியிராவிட்டால் நீங்கள் உருக்கிக் குடம் செய்திருப்பீர்கள், எங்களிடம் அது கண்ணாடிக்குள்ளே பத்திரமாக இருக்கிறது." இதைக் கேட்டதும் கொதித்தெழுவது எளிது. ஆனால் ஆரணித் தெருவிலே பழைய பட்டுப்புடவை வாங்க வருகிறவனை நினைத்துப் பாருங்கள். பாட்டியின் கூறைப்புடவையை எடைக்கு வாங்கிப் போகிறான்; கொளுத்துகிறான்; ஜரிகையிலே இருந்த வெள்ளி சாம்பலிலே திரள்கிறது. கோர்வை போனது, கரை போனது, அதை நெய்த கையின் நினைவும் போனது. விற்றது நாம்தான். செட்டிநாட்டு நிலைக்கதவு காரைக்குடிக் கடைக்கு வந்ததும் வீட்டுக்காரர் விற்றுத்தான். ஆகவே அந்தச் சமாதானத்திலே கால் பங்கு உண்மை இருக்கிறது.

மீதி முக்கால்? சிவபுரத்தைக் கேளுங்கள். 1951இல் அந்த ஊர் நிலத்திலே கிடைத்த நடராசரைப் பழுதுபார்க்கக் கொடுத்தார்கள். திரும்பி வந்தது போலி! அசல் பம்பாய் போய், நியூயார்க் போய், 1973இல் ஒன்பது லட்சம் டாலருக்கு அமெரிக்கச் செல்வர் நார்ட்டன் சைமனின் நிறுவனத்துக்குப் போயிற்று. கோயிலிலே இருப்பது போலி என்று எழுதியவர் இலண்டன் அருங்காட்சியகத்து அறிஞர் டக்ளஸ் பாரெட். கடத்திவந்தது என்று தெரிந்தே வாங்கியதாகச் சைமன் சொன்னதாய் 1973இல் ஏடுகளிலே வந்தது. பிறகு அவர் மறுத்தார். வழக்கு, சமரசம், பத்தாண்டுத் தவணை. 1986இல் அசல் நாடு திரும்பியது. இது உருக்கும் உலையிலிருந்து காப்பாற்றிய கதையா? விளக்கின் முன்னிருந்து தூக்கிய கதை! வாங்குவோர் இல்லாத சந்தைக்குக் கள்ளன் கடப்பாரை எடுப்பதில்லை.

காட்டிலே ஏதும் எழுதிவைக்காத இனமா நம் இனம்? தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரைப் பாருங்கள். இராசராசன் கொடுத்த ஒவ்வொரு செப்புத் திருமேனிக்கும் உயரம் இத்தனை முழம், இத்தனை விரல், திருக்கை இத்தனை, கனமாக வார்த்ததா பொள்ளலாக வார்த்ததா என்று கல்லிலே வெட்டியிருக்கிறான். அணிகலன்களிலே முத்து எத்தனை என்று எண்ணியிருக்கிறான். பொன்னை நிறுத்த எடைக்கல்லுக்கு ஆடவல்லான் என்றே பெயர் வைத்திருக்கிறான். இன்றைய அருங்காட்சியகப் பதிவேட்டிலே கேட்கும் கேள்விகளிலே பெரும்பாலானவற்றுக்கு ஆயிரம் ஆண்டுக்கு முன்பே விடை எழுதியவன்! அவ்வளவும் எழுதிய அதே கோயிலிலிருந்துதான் இராசராசன், உலோகமாதேவி திருமேனிகள் வெளியேறிக் குசராத்திலே ஓர் அருங்காட்சியகத்திலே இருந்து, 2018இல் மீண்டு வந்தன. எழுதிவைத்தால் மட்டும் போதாது. எழுதியதை ஆண்டுதோறும் எவராவது எடுத்துச் சரிபார்க்க வேண்டும்.

சரிபார்க்க வேண்டியவர் யார்? கோயில் மாநிலத்தின் பொறுப்பிலே. களவு பிடிக்க 1983இல் தமிழகக் காவல்துறையிலே சிலைத்திருட்டுத் தடுப்புப் பிரிவு ஏற்பட்டது. ஆனால் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் மத்திய அரசின் சட்டம். நூறாண்டு கடந்த சிலை வெளிநாடு போவதும், பதிவு செய்வதும், அயல்நாட்டு அரசுக்குக் கடிதம் எழுதுவதும் டெல்லியின் கையிலே. பறிகொடுப்பது பத்தூர், பேசும் உரிமை டெல்லிக்கு! பேசினார்களா? உலகறிந்த ஏலக்கூடங்களிலே இந்தியத் தொல்பொருள்கள் விற்பனைக்கு வரும் செய்தியைக்கூடத் தொல்லியல் துறை திரட்டவில்லை என்று 2013இல் வெளிவந்த தலைமைத் தணிக்கை அறிக்கை சொல்லிற்று. பட்டியல் அச்சாகி ஊரெங்கும் வருகிறது. எடுத்துப் பார்க்க ஆளில்லை! கடத்தினவனுக்கு அந்தச் சட்டம் வைத்த தண்டனையாவது கடுமையானதா? ஆறு திங்கள் முதல் மூன்றாண்டு. பிற்காலத்திலே வேகம் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும்: 2024 செப்டம்பரில் மட்டும் 297 பொருள்களைத் திருப்பித்தர அமெரிக்கா முன்வந்தது.

2025ஆம் ஆண்டிலே ஒரு வேடிக்கை நடந்தது. உத்தரப்பிரதேசத்துப் பிப்ரவாவிலே 1898இல் வெள்ளைக்காரப் பண்ணை முதலாளி ஒருவர் தூபியைத் தோண்டிப் புத்தரின் எலும்புகளையும் அவற்றோடு புதைத்த மணிகளையும் எடுத்தார். ஒரு பங்கு அவர் குடும்பத்திலேயே தங்கியது. அந்த 334 மணிகளை மே மாதம் ஹாங்காங்கிலே சோத்பி ஏலம் விடுவதாக அறிவித்தது. இந்திய அரசு வழக்கறிவிப்பு அனுப்ப, ஏலம் நின்றது. சூலைத் திங்களிலே மணிகள் நாடு வந்து சேர்ந்தன. எப்படி வந்தன? இந்தியத் தொழிற்குழுமம் ஒன்று விலை கொடுத்து வாங்கி! நம் பொருளுக்கு நாமே விலை கொடுத்தோம். ஆனால் ஏலத்தை நிறுத்த முடிந்ததே, ஏன்? தோண்டிய ஆண்டு தெரியும், இடம் தெரியும், அன்றே அச்சேறிய அறிக்கை இருக்கிறது. சிற்றூர் அம்மனுக்கு அப்படி ஓர் அறிக்கை எங்கே?

நம் திருவண்ணாமலை மாவட்டத்திலேயே வேட்டவலத்திலே மரகதலிங்கம் 2017 சனவரியிலே களவுபோய், ஏறத்தாழ இரண்டாண்டு தேடி 2018 டிசம்பரிலேதான் மீண்டது. தொலைவிலே நடக்கும் கதை அல்ல இது.

ஆகவே ஆரணித் தோழர்களிடம் நான் கேட்டது பெரிய காரியம் அல்ல. ஒவ்வொரு கிளையும் தன் ஊர்க் கோயில் நிர்வாகத்தாரையும் பூசாரியையும் கேட்டு, அவர்கள் ஒப்புதலோடு, அவர்களையும் உடன் வைத்துக்கொண்டு செய்யவேண்டும். வணங்குகிறவர் மனம் நோக ஒரு சொல்லும் பேசவேண்டாம். பகுத்தறிவுப் பிரசாரத்துக்கு வேறு மேடை இருக்கிறது. கையிலுள்ள தொலைபேசியே படக்கருவி. முன்புறம், பின்புறம், இரு பக்கம், பீடத்தின் அடிப்புறம். பீடத்திலே எழுத்து இருந்தால் தனிப்படம். உடைந்த விரல், தேய்ந்த மூக்கு, பற்றவைத்த தடம் ஆகியவற்றை விட்டுவிடாதீர்கள்; அழகைவிட அந்த ஊனந்தான் நாளை அடையாளம் சொல்லும். பக்கத்திலே அளவுகோலை நிறுத்துங்கள். நாள், ஊர், எடுத்தவர் பெயர் எழுதுங்கள். தேர்ச் சிற்பத்தையும் வாகனங்களையும் விளக்கையும் மறவாதீர்கள். அவைதாம் முதலில் போகின்றன.

தறிக்குழியிலிருந்த பெரியவர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, நாடாவை நிறுத்திச் சொன்னார்: "நான் நெஞ்ச சேலைய ஆயிரம் சேலைக்கு நடுவுல போடு. கோர்வையப் பாத்தே எடுத்துருவேன். ஆனா நான் செத்துட்டா எவன் எடுப்பான்? எழுதித்தான் வைக்கணும்." முதற்படமாகத் தம் தெரு அம்மனை எடுக்கச் சொல்லியிருக்கிறார். நான்கு படி எடுக்கிறோம். ஒன்று கோயிலுக்கு, ஒன்று அறநிலையத்துறை அலுவலகத்துக்கு, ஒன்று காவல் நிலையத்துக்கு. நான்காவதைச் சங்கத்துப் பேரேட்டோடு வைக்கச் சொன்னவரும் அவரேதான். அந்த அலமாரியைத்தான் நாள்தோறும் திறக்கிறார்களாம்.